அழ நேரமில்லாதவர்கள்

திருவனந்தபுரத்தில் ஆட்டோவில் ஏறி 'எஸ்.ஏ.டி.' என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் குழந்தைகள், மகப்பேறு ஆஸ்பத்திரியின் வாசலில் இறக்கிவிட்டு விடுவார்கள். அந்த மூன்று எழுத்துக்குள் ஒரு சிறுவனின் பெயர் இருப்பது தினமும் அங்கே போய்வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஸ்ரீ அவிட்டம் திருநாள், திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் சகோதரி கார்த்திகைத் திருநாள் லட்சுமிபாயின் மூத்த மகன். 1944-ல், ஆறு வயதில், இதய நோயால் இறந்துபோனான். அவன் நினைவாக 1952-ல் இந்த ஆஸ்பத்திரி தொடங்கியது.

அரண்மனையில் ஒரு குழந்தை இறந்தால் துக்கம் கட்டடமாக எழுகிறது. சாதாரண வீட்டில் உறவுக்காரர்கள் கூடி அழுகிறார்கள், பதினாறு நாள் கணக்கு வைத்துக் காரியம் செய்கிறார்கள். ஆனால் குழந்தையின் கட்டிலருகே கடைசி மூச்சுவரை நின்ற இன்னொருவர் உண்டு. வார்டு நர்ஸ். ஊசிக் குழாய்களைக் கழற்றி, சின்ன உடம்பைத் துடைத்து, துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு, ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதிவிட்டு அவர் பக்கத்துக் கட்டிலுக்குப் போகவேண்டும். அங்கே மருந்து கொடுக்கவேண்டிய நேரம் தாண்டியிருக்கும். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு நர்ஸின் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வேறு தேவைப்படும்.

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துப் பெண், நகரின் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறார். பெயரும் ஆஸ்பத்திரியும் இங்கே வேண்டாம். "முன்னெல்லாம் ஒரு பிள்ளை போச்சுன்னா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது அண்ணாச்சி. இப்போ ஒண்ணும் ஆகமாட்டேங்குது. அதுதான் பயமா இருக்கு" என்றார். வீட்டில் சொந்த மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாமல் தெர்மாமீட்டரைத் தேடினாராம். கணவர் சொல்லிக் காட்டிய பிறகுதான் உறைத்தது என்றார்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது போலத் தெரிந்தது. நோய்க்குப் பெயர் கிடைப்பதே பாதி மருந்து என்று நம்புகிறவர்கள் நாம். ஆங்கிலத்தில் 'கம்பாஷன் ஃபெட்டீக்'. 1992-ல் கார்லா ஜாய்ன்சன் என்பவர் அமெரிக்க நர்ஸ்களுக்கான ஒரு பத்திரிகையில் இந்தச் சொல்லை நர்ஸ்களின் நிலையைச் சொல்லப் பயன்படுத்தினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயங்களை ஆராய்ந்து வந்த சார்லஸ் ஃபிக்லி 1995-ல் இதே தலைப்பில் ஒரு நூலைத் தொகுத்தார். அதற்குப் பிறகு சொல் நிலைத்துவிட்டது. அடிபட்டவர்களுக்கு அருகிலேயே இருக்கிறவர்களுக்கும் அடி விழுகிறது என்பது ஃபிக்லியின் வாதம். தூக்கம் கெடுவது, எரிச்சல், எதிலும் ஒட்டாமல் போவது, சில வகை நோயாளிகளைத் தவிர்க்கத் தோன்றுவது என்று அடையாளங்கள் நீளும். 1974-ல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் விவரித்த 'பர்ன் அவுட்' இதற்கு அண்ணன் முறை. அது எந்த வேலையிலும் வரும், வங்கிக் குமாஸ்தாவுக்கும் வரும். இது அடுத்தவர் வலியைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையானவர்களுக்கு வருவது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'கருணைக் களைப்பு' என்றால் ஏதோ பக்திச் சொற்பொழிவின் தலைப்பு மாதிரி ஒலிக்கிறது. 'இரக்கச் சோர்வு' பரவாயில்லை. ஆனால் சோர்ந்துபோவது இரக்கம்தானா என்பதே பெரிய கேள்வி. அதற்குப் பிறகு வருவோம்.

குழந்தைகள் வார்டில் இந்தச் சிக்கல் ஏன் கூடுதல் என்பதற்கு நிபுணர்கள் தேவையில்லை, ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். பெரியவர்களிடம் 'கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோங்க' என்று சொல்லலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது புரியாது. வெள்ளை உடுப்பைக் கண்டாலே அலறும். நரம்பு கிடைக்காமல் மூன்றாவது தடவை ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவரும் நர்ஸ், குத்தி முடித்தபின் தட்டிக்கொடுக்க வேண்டியவரும் நர்ஸ். குணப்படுத்த வந்தவர் குழந்தையின் கணக்கில் வலி கொடுப்பவர்.

அடுத்தது நாட்கள். எஸ்.ஏ.டி.யிலிருந்து நடக்கும் தூரத்தில் 1981-ல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்தும் நெல்லைப் பக்கமிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே ஏராளம். வார்டுகளில் தமிழ் கேட்காத நாளில்லை. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் பரவலான வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீள்கிறது. மூன்று வயதில் வந்த குழந்தை வார்டிலேயே பேச்சு திருந்தி, எழுத்து கற்று, நர்ஸ்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வளர்கிறது. பலர் குணமாகிப் போகிறார்கள். சிலருக்கு நோய் திரும்புகிறது. திரும்பி வரும் குழந்தையை அதே நர்ஸ்தான் வாங்கிக் கட்டிலில் படுக்க வைக்கிறார். இத்தனை நாள் கழித்து அவரை 'ஊழியர்' என்று சொல்வதில் பொருளில்லை, கிட்டத்தட்ட சித்தி.

இன்னொரு விநோதம் உண்டு. 2020-ம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவர்கள் அகில இந்திய அளவில் 28. தமிழ்நாட்டில் 13. கேரளத்தில் 6. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் சாவு அரிதாகும்போது ஒவ்வொரு சாவும் கனக்கிறது. பாட்டிமார் காலத்தில் பெற்றதில் பாதி தங்காது என்பது ஊரறிந்த விஷயம். இன்று ஒற்றைப் பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அவர்கள் கோபம் யார்மீது பாயும்? டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து போய்விடுவார். கையெட்டும் தூரத்தில் இருப்பவர் நர்ஸ்.

கேரள ஆஸ்பத்திரிகளில் நோயாளியுடன் தங்குகிறவரை 'பைஸ்டாண்டர்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேடிக்கை பார்த்து நிற்பவர் என்று பொருள். இங்கோ ராப்பகலாகக் கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறவர். மலையாளத்தில் 'கூட்டிருப்பு' என்ற அழகான சொல் இருக்கிறது. கூடவே இருத்தல். அப்படிப் பார்த்தால் நர்ஸும் கூட்டிருப்புக்காரர்தான். என்ன, மற்ற கட்டில்களுக்கும் சேர்த்து.

துக்கத்திலும் அனுமதி பெற்றது, பெறாதது என்று உண்டு. 1989-ல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்கர் இதை எழுதினார். உறவு இல்லாதவருக்கு, ஊர் ஒப்புக்கொள்ளாத உறவினருக்கு, அழுவதற்கு உரிமை தரப்படுவதில்லை என்றார். தாய் அழும் இடத்தில் நர்ஸ் அழுதால் 'இந்தப் பொண்ணுக்கு என்ன?' என்று பார்ப்பார்கள். அழாவிட்டால் 'கல்நெஞ்சு' என்பார்கள்.

ஆஸ்பத்திரிகள் இதற்குத் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தை நெடுநாளாகச் செய்துதான் வருகின்றன. லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் 1960-ல் வெளியிட்ட கட்டுரை இன்று படித்தாலும் நம் ஊர் வார்டைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது. நோயாளியைப் பெயரால் சொல்லாமல் கட்டில் எண்ணாலும் உறுப்பின் பெயராலும் சொல்வது. ஒருவருக்கு ஊசி, ஒருவருக்கு ரத்த அழுத்தம், ஒருவருக்குப் படுக்கை என்று வேலையைத் துண்டுபோட்டு, எந்த நர்ஸும் எந்த நோயாளியிடமும் முழுதாக ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. பழகிய நேரத்தில் வேறு வார்டுக்கு மாற்றுவது. எல்லாம் பதற்றத்திலிருந்து காத்துக்கொள்ள அந்த நிறுவனம் தன்னை அறியாமல் எழுப்பிய மதில்கள் என்றார் மென்சீஸ். மதில் பதற்றத்தை வெளியே நிறுத்தவில்லை. வேலையில் கிடைக்கும் திருப்தியைத்தான் நிறுத்தியது. அங்கே பயிற்சி நர்ஸ்களில் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே விலகிக்கொண்டிருந்தார்கள். ஈடுபாடு உள்ளவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆக, 'மனதைக் கல்லாக்கிக்கொள்' என்ற பயிற்சி புதிதல்ல. இன்று மனப்பயிற்சி என்ற பெயரில் வருவதில் எது அதன் மறுபதிப்பு, எது வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேறு என்று நான் நினைப்பது இது. டானியா சிங்கர் என்ற நரம்பியல் ஆய்வாளர், மத்தியூ ரிக்கார் என்ற பிரெஞ்சுக்காரரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார். ரிக்கார் உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்றபின் திபெத்திய பௌத்தத் துறவியானவர். அடுத்தவர் துன்பத்தை அப்படியே தன்னுடையதாக உணரும்படி அவரிடம் கேட்டார்கள். பல வருடம் தியானம் பயின்ற அந்த மனிதரே கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் களைத்துப்போய், நான் வழக்கமாகச் செய்யும் கருணைத் தியானத்துக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மாறியதும் களைப்பு விலகியது. பிறகு ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் சாதாரண ஆட்களை வைத்து இதைச் சோதித்தார்கள். துன்பப்படுகிறவர்களின் படக்காட்சிகளைப் பார்க்க வைத்தார்கள். அடுத்தவர் வலியை உணரப் பழக்கியபோது பார்த்தவர்களின் மனவேதனை கூடியது. அதன்பின் அவர்களுக்கே 'நன்றாயிருக்கட்டும்' என்று வாழ்த்தும் பரிவுப் பயிற்சியைக் கொடுத்தபோது வேதனை தணிந்தது, மூளையில் வேறு பகுதிகள் இயங்கின. வலியை வாங்கிக்கொள்வதும் வலிப்பவருக்கு நன்மை விரும்புவதும் இரண்டு வேறு செயல்கள். களைப்பது முதலாவது என்கிறார்கள் இவர்கள். அதனால் 'கம்பாஷன் ஃபெட்டீக்' என்ற பெயரே தவறு என்றும் வாதிடுகிறார்கள்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு சபலம். வள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரமும் அருளுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வைத்தார். முன்னது எட்டாவது, இல்லறவியலில். பின்னது இருபத்தைந்தாவது, துறவறவியலின் முதல் அதிகாரம். தொடர்புடையவரிடம் சுரப்பது அன்பு, தொடர்பில்லாத உயிர்களிடமும் செல்வது அருள் என்று உரைகள் பிரிக்கும். அருளுக்கு அவர் துறவறத்தில் இடம் கொடுத்ததில், ஒட்டிக்கொள்ளாத ஒரு தூரம் அதற்கு வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. மூளை ஆய்வு வள்ளுவரை நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்க யாராவது கிளம்பினால் அதற்கு நான் பொறுப்பல்ல. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் இரவு டூட்டி முடித்த நர்ஸ்களும் அல்லர்.

இருந்தாலும் வார்டில் பயன்படுத்த இதில் ஏதோ இருக்கிறது. குழந்தை அலறும்போது 'என் பிள்ளைக்கு இப்படி வந்தால்' என்று மனம் ஓடுவதைக் கவனிப்பது. ஓடியதும் அதைத் திட்டாமல் தன் மூச்சுக்கும் தன் கைக்கும் திரும்புவது. இந்தக் குழந்தைக்கு இப்போது என்ன செய்யலாம் என்ற ஒரே கேள்வியில் நிற்பது. இதைச் சொல்லிக்கொடுக்க முடியும், பழக்க முடியும். நீச்சல் போல. மூழ்குகிறவரைக் காப்பாற்றப் போகிறவர் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதைக் குளத்தங்கரைப் பிள்ளைகள் அறிவார்கள்.

எல்லாப் பயிற்சியும் நல்லதல்ல. பெரிய அசம்பாவிதம் நடந்ததும் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விலாவாரியாகச் சொல்ல வைக்கும் முறை 1980களில் அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவியது. 2002-ல் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு, இத்தகைய ஒரே அமர்வுப் பேச்சு பிற்கால மனப்பாதிப்பைத் தடுப்பதாக ஆதாரம் இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்றது. புண்ணைக் கிளறிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் அப்படித்தான். மாதாமாதம் அதே குழுவாக உட்கார்ந்து பேசுவது வேறு விஷயம். விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம், யாரும் குறித்து வைத்து மேலிடத்தில் கொடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு.

சின்னதாக ஒன்று. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஜோனதன் பார்ட்டெல்ஸ் தொடங்கிய பழக்கம் இது, 2014-ல் எழுதவும் செய்தார். நோயாளி இறந்ததும் அறையிலுள்ள டாக்டரும் நர்ஸும் மற்றவர்களும் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார்கள். பேச்சில்லை, பொதுவான பிரார்த்தனை இல்லை. அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம், சாமி இல்லாதவர் சும்மா நிற்கலாம். ஒரே ஷிஃப்டில் மூன்று மதத்து நர்ஸ்கள் நிற்கும் கேரள வார்டுக்குப் பொருந்தக்கூடிய ஏற்பாடு.

என் பார்வையில் இதையெல்லாம்விடப் பெரிய மனப்பயிற்சி, குழந்தையின் வலி குறைவதுதான். என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாத நிலையில் வரும் உறுத்தலுக்கு 1984-ல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 'அறத் துயரம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். வலியில் துடிக்கும் குழந்தைக்கு மார்ஃபின் கொடுக்கலாம் என்று நர்ஸுக்குத் தெரியும். ஆனால் 1985-ன் போதைப் பொருள் சட்டம் வந்தபின், உரிமங்களுக்கும் கெடுபிடிகளுக்கும் பயந்து இந்தியாவில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. இதை எதிர்த்து நீண்ட காலம் மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2003-ல் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா'வை அமைத்தவர். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த அமைப்பின் பயிற்சிகளுக்கு நர்ஸ்களும் வருகிறார்கள். வலியை அளப்பதும் மருந்தை அளவோடு கொடுப்பதும் குடும்பத்திடம் உண்மையைச் சொல்லும் விதமும் மனோதத்துவப் பாடத்தில் சேராது என்று தோன்றலாம். ஆனால் இரவு முழுக்க அழுத குழந்தை தூங்கிவிட்டால் நர்ஸின் மனதுக்கு அதைவிட என்ன வேண்டும்? கேரளம் 2008-லேயே இத்தகைய நோய்த்தணிப்பு சேவைக்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநிலம். குழந்தைகளுக்கான வலித்தணிப்பை ஒவ்வொரு குழந்தைகள் வார்டுக்கும் கொண்டுபோவது அதன் இயல்பான அடுத்த அடி.

மலையாளப் பத்திரிகைகளுக்கு நர்ஸ்கள் 'பூமியிலெ மாலாகமார்'. மண்ணில் வந்த தேவதைகள். நம் பத்திரிகைகளிலும் 'வெள்ளுடைத் தேவதைகள்' உண்டு. இந்தப் பட்டம் எனக்கு ஒப்பவில்லை. தேவதைக்குப் பசிக்காது, தூக்கம் வராது, சம்பளம் தேவையில்லை. 2011, 2012-ல் கேரளத் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் தெருவில் இறங்கியபோதுதான் இவர்கள் எவ்வளவு சொற்பச் சம்பளத்தில் இருந்தார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல் தலையிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 20,000 ரூபாய் என்று கேரள அரசு அறிவிக்கை வெளியிட 2018 ஏப்ரல் ஆயிற்று. அடுத்த மாதமே நிபா வந்தது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, நோயாளியைப் பார்த்துக்கொண்டதில் நோய் தொற்றி இறந்தார். அவருக்கும் இரண்டு சின்னக் குழந்தைகள். கேரளம் முழுவதும் அழுதது. 'மாலாக' என்ற சொல் அந்த வாரம் எத்தனை தடவை அச்சேறியிருக்கும் என்று எண்ணினால் தலைசுற்றும்.

நான் பேசிய நர்ஸிடம், உங்கள் ஆஸ்பத்திரியில் மனப்பயிற்சி வகுப்பு வைத்தால் போவீர்களா என்று கேட்டேன். "டூட்டி டயத்திலயா, ஆஃப் நாளிலயா?" என்று திருப்பிக் கேட்டார். முன்பு ஒரு தடவை அப்படி ஒரு வகுப்பு வைத்தார்களாம். வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை அதற்குப் போனது. வந்தவர் ஆழமாக மூச்சு விடவும் எப்போதும் புன்னகைக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை பார்க்க வேண்டியிருந்த துணி துவைப்பும் மகனின் பாடமும் அப்படியே நின்றதுதான் அவருக்கு மிச்சம்.

மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1990களின் தொடக்கத்திலேயே ஒரு கணக்குப் போட்டுவைத்தது. குழந்தைகள் வார்டில் நான்கு கட்டிலுக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்கு ஒருவர். இந்தக் கணக்கு எந்த வார்டில் எத்தனை மணிக்குச் சரியாக இருக்கிறது என்பதை ராத்திரி இரண்டு மணிக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும். ஒரு குழந்தை இறந்த வார்டில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பதானாலும் அந்த ஒரு நிமிடம் மற்றக் கட்டில்களைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் இருக்கவேண்டும். வகுப்புக்கு ஒருவரை விடுவிப்பதானாலும் அப்படித்தான். எனவே பயிற்சிக்குப் பணம் ஒதுக்குகிறோம் என்று எந்த நிர்வாகமாவது சொன்னால், அந்த நேரத்துக்கு வார்டில் யார் நிற்பார் என்பதற்கும் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. புதிதாகச் சேர்கிற நர்ஸுக்கு முதல் சாவின்போது கூடவே நிற்க ஒரு மூத்த நர்ஸ் வேண்டும், அதுவும் பயிற்சிதான்.

அந்த மூத்த நர்ஸ்கள் எங்கே என்றால், விமானம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். திருவனந்தபுரம் தைக்காட்டில் இருக்கும் நோர்க்கா ரூட்ஸ் அலுவலகம் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறது. 2021 டிசம்பரில் ஜெர்மனியின் மத்திய வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு கேரள நர்ஸ்களை அனுப்புவதற்கு ஒப்பந்தம் போட்டது. பிரிட்டன், வளைகுடா நாடுகள் என்று மற்ற வழிகளும் உண்டு. சம்பளத்துக்காகப் போகிறார்கள் என்பது உண்மை, அதில் தவறும் இல்லை. நாகர்கோவில் நர்ஸும் ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அந்த வகுப்புக்கு மட்டும் எப்படியோ நேரம் கண்டுபிடிக்கிறார். குழந்தைகள் பிரிவே கேட்கப்போகிறீர்களா என்றேன். "இல்ல அண்ணாச்சி, வயசானவங்க இருக்கிற வார்டுதான்" என்றார்.